குதிரை இடம், காளை வலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் நமது தேசியச் சின்னம் பற்றி ஒரு சிறு குறிப்பும் படமும் வந்திருந்தன. ‘மூன்று சிங்கங்கள் கொண்ட அசோகத் தூண்’ என்று குறிப்பு தொடங்கியது. படத்தில் குதிரை வலப்பக்கமும் காளை இடப்பக்கமும் இருந்தன. கீழே இருக்க வேண்டிய ‘சத்யமேவ ஜயதே’ வெட்டப்பட்டிருந்தது. ஆறு வரிக் குறிப்பில் மூன்று பிழை. இதற்காக மட்டும் என்றால் ஓர் அஞ்சலட்டை போதும். இதே பிழைகள் பள்ளி ஆண்டு மலர், சங்கங்களின் அடையாள அட்டை, கார் கண்ணாடி, திறப்புவிழாக் கல்வெட்டு என்று எங்கும் தென்படுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

குழப்பத்துக்கு மூலம் ஒன்றுதான். காசிக்கு அருகே சாரநாத் அருங்காட்சியகத்தில் இருக்கும் அசோகர் காலக் கல், இந்திய அரசின் சின்னம், தமிழ்நாடு அரசின் இலச்சினை ஆகிய மூன்றையும் ஒரே பொருளாக எண்ணிவிடுகிறோம். கல்லிலிருந்து சின்னத்துக்கு வரும்போது சில உறுப்புகள் விடுபட்டன, ஒன்று புதிதாகச் சேர்ந்தது. எவை விடுபட்டன, எது சேர்ந்தது என்று தெரிந்தவர் கையில் இந்தப் பிழைகள் வராது.

முதலில் கல். அது தூண் அன்று, தூணின் தலை, அதாவது தலைப்பு. நம் கோயில் மண்டபத் தூண்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. தூணின் உடல் முடிந்த பிறகு இதழ், பலகை, அதற்குமேல் போதிகை என்று சிற்பிகள் அடுக்குவார்களே, ஏறக்குறைய அதே முறையில்தான் சாரநாத் தலைப்பும் அமைந்திருக்கிறது. அடியில் கவிழ்த்த தாமரைபோல், மணி வடிவில் தொங்கும் இதழ்கள். அதற்குமேல் வட்டமான பலகை. பலகையின் மேல் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி, நான்கு திசைகளையும் நோக்கும் நான்கு சிங்கங்கள். இவ்வளவும் சுனார் மணற்கல்லில் ஒரே பாளத்தில் செதுக்கி, கண்ணாடிபோல் மெருகேற்றியவை. உயரம் ஏறக்குறைய 7 அடி. சிங்கங்களின் தலைக்கு மேல் தனிக் கல்லில் செய்த ஒரு பெரிய தர்மச் சக்கரமும் இருந்தது. அது உடைந்துபோய், துண்டுகளே கிடைத்தன. அந்தச் சக்கரத்துக்கு 32 ஆரங்கள் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

பலகையின் பக்கவாட்டைச் சுற்றித்தான் யானை, குதிரை, காளை, சிங்கம் என்ற நான்கு விலங்குகளும், இரண்டு விலங்குகளுக்கு நடுவே ஒன்றாக நான்கு சிறு சக்கரங்களும் புடைப்பாக உள்ளன. இந்தச் சிறு சக்கரங்களுக்கு 24 ஆரங்கள். தேசியக் கொடியின் நடுவே கருநீலத்தில் இருப்பது இந்தச் சக்கரம்தான். மேலே இருந்து உடைந்த பெரிய சக்கரத்தைக் கொடியில் இருப்பதாக எழுதுகிறவர்கள் 32-ஐயும் 24-ஐயும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கல்லின் வரலாறு பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, பாடநூல்களில் ஓரளவு இருக்கிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், புத்தர் முதல் உரை நிகழ்த்திய இடத்தில் அசோகர் நிறுத்திய தூண். பின்னாளில் தூண் உடைந்து, தலை மண்ணுக்குள் போனது. 1794-இல் காசி அரசின் திவானாக இருந்த ஜகத் சிங் சந்தை கட்டுவதற்காகச் சாரநாத்தின் தர்மராஜிகா தூபியை இடித்துச் செங்கல் எடுத்தார். அதே வளாகத்தில் 1904-05 பனிக்காலத்தில் பொதுப்பணித்துறைப் பொறியாளர் எஃப்.ஓ. ஓர்ட்டெல் நடத்திய அகழாய்வில் சிங்கத் தலைப்பு வெளிப்பட்டது. 1910-இல் அங்கேயே அருங்காட்சியகம் எழுந்தது. தூணின் அடிப்பகுதி இன்றும் நின்ற இடத்திலேயே இருக்கிறது. அதிலுள்ள அசோகர் கல்வெட்டு, பௌத்தத் துறவியர் சங்கத்தில் பிளவு உண்டாக்கும் பிக்குவோ பிக்குணியோ வெள்ளாடை உடுத்தி வெளியே வசிக்க வேண்டும் என்று ஆணையிடுகிறது. சின்னத்தை வைத்து ஒற்றுமை பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இந்தக் கல்வெட்டை எடுத்துக்காட்டுவதில்லை என்பது ஒரு வியப்பு.

இப்போது விடுபட்டவற்றுக்கு வருவோம். 1950 ஜனவரி 26 அன்று இந்தியா ஏற்றுக்கொண்ட சின்னத்தில் மேலிருந்த பெரிய சக்கரம் இல்லை. அடியிலிருந்த தாமரை இதழ்களும் இல்லை. ஆக, கல்லின் உச்சியும் அடியும் நீங்கி, சிங்கங்களும் பலகையும் மட்டும் எஞ்சின. நான்காவது சிங்கத்தை யாரும் நீக்கவில்லை, அது பின்னால் மறைந்திருக்கிறது. எந்தச் சிங்கத்துக்கு நேராக நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது மூன்றுதான். ஆகவே ‘மூன்று சிங்கங்கள் தெரிகின்றன’ என்று எழுதலாம், ‘மூன்று சிங்கங்கள் கொண்டது’ என்று எழுதக்கூடாது.

பலகையில் எவை தெரியும் என்பதையும் இந்த நேர்ப் பார்வைதான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு சிங்கத்துக்கும் நேர் கீழே ஒரு சக்கரம், சிங்கங்களுக்கு இடையில் விலங்கு என்பது கல்லின் அமைப்பு. நேராக நின்றால் நடுவில் சக்கரம், இருபுறமும் ஒவ்வொரு விலங்கு, இரு ஓரங்களிலும் அடுத்த சக்கரங்களின் விளிம்புக்கோடு. இப்படி நான்கு முகங்கள் உண்டு. சின்னத்துக்குத் தேர்ந்தெடுத்த முகத்தில் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் குதிரை, வலக்கைப் பக்கம் காளை. எதிர்ப்பக்கம் போய் நின்றால் யானையும் சிங்கமும் தெரியும், ஆனால் அது சின்னம் ஆகாது. ‘சின்னத்தில் உள்ள விலங்குகள் எவை?’ என்ற வினாடி வினாக் கேள்விக்கு ‘சிங்கம், யானை, குதிரை, காளை’ என்று விடை எழுதச் சொல்கிறார்களே, அது கல்லுக்கான விடை. சின்னத்தில் யானை கிடையாது.

புதிதாகச் சேர்ந்தது கீழே உள்ள வரி. அசோகருக்கும் அந்த வரிக்கும் தொடர்பில்லை. முண்டக உபநிடதத்தின் மூன்றாம் முண்டகம், முதல் கண்டம், ஆறாம் மந்திரத்தில் வருவது. அங்கே ‘சத்யமேவ ஜயதே நாந்ருதம்’ என்று தொடரும். ‘பொய் வெல்லாது’ என்ற பிற்பாதியை விட்டுவிட்டு முற்பாதியை மட்டும் எடுத்தார்கள். பௌத்தக் கல்லும் உபநிடத வரியும் இப்படிச் சேர்ந்ததுதான் சின்னம். பலகைக்குக் கீழே தேவநாகரியில் அந்த வரி இருந்தால்தான் சின்னம் முழுமை பெறும். வரி இல்லாமல் பயன்படுத்துவது முறையல்ல என்று உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு நினைவூட்டியிருக்கிறது. ‘இடம் போதவில்லை’ என்று வரியை வெட்டுகிற பக்க வடிவமைப்பாளர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

விலங்குகளுக்கு என்ன பொருள்? யானை புத்தரின் தாயார் கண்ட கனவு, காளை பிறப்பு, குதிரை துறவுக்காக அரண்மனையை விட்டு நீங்கியது, சிங்கம் ஞானம் என்று ஒரு விளக்கம் உண்டு. நான்கு திசைகளைக் குறிக்கும் என்பது இன்னொன்று. இதே நான்கு விலங்குகள் வரிசையாக நடக்கும் சந்திரவட்டக் கற்களை (வாசற்படியில் பதிக்கும் அரைவட்டக் கற்கள்) இலங்கையின் அநுராதபுரத்தில் பார்க்கலாம். காளை என்றால் உழைப்பு, குதிரை என்றால் வேகம் என்று நம் ஊரில் சொல்வது பிற்காலத்து எளிய விளக்கம். அசோகர் காலச் சான்று எதுவும் அதற்கு இல்லை. சிங்கத்தைப் பொறுத்தவரை ஐயம் குறைவு. புத்தருக்குச் சாக்கிய சிம்மம் என்றே பெயர்; அவர் உரையைச் சிங்க முழக்கம் என்பது பௌத்த மரபு. வாய் திறந்த நான்கு சிங்கங்கள் நான்கு திசைக்கும் அந்த அறத்தை முழங்குகின்றன என்று கொள்வது பொருத்தம். சாஞ்சியிலும் இதேபோல் முதுகு சேர்ந்த நான்கு சிங்கங்கள் கொண்ட தலைப்பு உண்டு. அங்கே பலகையில் சக்கரமும் விலங்குகளும் இல்லை, அன்னங்கள் இருக்கின்றன. சாஞ்சிப் படத்தைச் சாரநாத் என்று அச்சிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. பலகையைப் பார்த்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

சின்னம் 1950-இல் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை கொடியை ஏற்றபோதே சாரநாத் சக்கரம் வந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று வெளியான ஒன்றரை அணா தபால்தலையில் சிங்கத் தலைப்பு வந்தது. 1949-இல் வெளியான புதிய ஒரு ரூபாய் நோட்டில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படம் இருந்த இடத்தில் சிங்கங்கள் அமர்ந்தன. மன்னருக்குப் பதிலாகக் காந்தியின் படத்தைப் போடலாம் என்று முதலில் எண்ணி, வடிவங்களும் தயாரித்து, கடைசியில் சிங்கத் தலைப்பு போதும் என்று முடிவானது. காந்தி வரிசை நோட்டுகள் வருவதற்கு 1996 ஆனது. இடையில் 1954-இல் மறுபடி வந்த பெரிய நோட்டுகளில் ஆயிரத்தில் தஞ்சைப் பெரிய கோயில், ஐயாயிரத்தில் மும்பை நுழைவாயில், பத்தாயிரத்தில் சிங்கத் தலைப்பு. மூன்றும் 1978-இல் செல்லாதவை ஆயின.

நாணயங்கள் 1950 ஆகஸ்ட் 15-இல் வெளிவந்தன. ஒரு பக்கம் சிங்கத் தலைப்பு. மறுபக்கம் காலணாவில் குதிரை. அரையணா, ஓரணா, இரண்டணாவில் காளை. கால், அரை, ஒரு ரூபாய்களில் தானியக் கதிர். சின்னத்தின் பலகையில் இடமும் வலமுமாக நிற்கும் அதே இரண்டு விலங்குகள் சில்லறையிலும் வந்து நின்றதை நாணயம் சேர்ப்பவர்கள்கூடப் பலர் கவனிப்பதில்லை.

அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதியை அலங்கரிக்கும் பணி சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் சிங்கத் தலைப்பை வரைந்தவர் அவருடைய மாணவர் தீனாநாத் பார்கவா. சிங்கத்தின் சாயல் கைவர வேண்டும் என்பதற்காகக் கொல்கத்தா உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சிங்கங்களைப் பார்த்துப் பழகினார் என்பது பலரும் எழுதிய செய்தி. ‘சின்னத்தை வடிவமைத்தவர் பார்கவா’ என்று பொது அறிவுப் புத்தகங்கள் ஒரே வரியில் முடிப்பது சரியில்லை. அவர் வரைந்தது அந்தக் கையெழுத்துப் பிரதிக்காக. தபால்தலையும் ரூபாய் நோட்டும் அதற்கு முன்பே வெளிவந்துவிட்டன.

இன்னொரு தவறான நம்பிக்கை, சின்னம் அரசியலமைப்புச் சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்பது. எந்தப் பிரிவிலும் இல்லை. அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51ஏ பிரிவு அரசியலமைப்பு, தேசியக் கொடி, தேசிய கீதம் ஆகியவற்றை மதிக்கச் சொல்கிறது, சின்னத்தைச் சொல்லவில்லை. கொடியை எரித்தால் பாயும் 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்திலும் சின்னம் இல்லை. 1950-இன் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் வணிகத்தில் பயன்படுத்துவதைத் தடுத்தாலும், அதில் வகுத்த தண்டனை 500 ரூபாய் வரை அபராதம் மட்டுமே. லெட்டர்பேடு அச்சடிக்கிற செலவைவிடக் குறைவு. அதனால்தான் 2005-இல் தனிச் சட்டமும் 2007-இல் அதற்கான விதிகளும் வந்தன.

2005 சட்டத்தின் அட்டவணையில் இரண்டு வரைபடங்கள் உள்ளன, இது பலருக்குத் தெரியாது. முதலாவது எளிமையாக்கிய கோட்டு வடிவம். கடிதத்தாள், முத்திரை, புடைப்பச்சு போன்ற சிறிய அளவுகளுக்கு. இரண்டாவது நுணுக்கமான வடிவம், பெரிய அளவுகளுக்கு. அச்சகங்களில் நடக்கும் பெரும்பாலான சேதம், பெரியதைச் சுருக்கிச் சிறிய இடத்தில் வைப்பதால் வருகிறது. கணக்குப் போட்டால் காரணம் புரியும். நடுச்சக்கரத்தின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 6.28 மி.மீ. அதில் 24 ஆரமும் 24 இடைவெளியும் அடங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.13 மி.மீ. அதுவும் விளிம்பில்; நடுவிலுள்ள குடத்தை நெருங்க நெருங்க இன்னும் குறையும். நல்ல ஆஃப்செட் இயந்திரமும் வழவழப்பான தாளும் இருந்தால் ஒருவேளை தாங்கும். ரப்பர் ஸ்டாம்பிலும் நாளிதழ்த் தாளிலும் மை பரவிச் சக்கரம் கரும்பொட்டாகிவிடும். சிங்கங்களின் பிடரிக் கோடுகளும் அப்படியே அப்பிக்கொள்ளும். பொட்டாகிவிட்ட சக்கரத்தைச் ‘சரிசெய்ய’ டிடிபி செய்பவர் தன் கையிலிருக்கும் எட்டு ஆரம், பன்னிரண்டு ஆரச் சக்கரம் ஒன்றை எடுத்து ஒட்டுவதும் உண்டு. அதைவிடப் பொட்டே மேல்.

இடவல மாற்றம் எப்படி நேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் ஸ்டாம்ப், துணியில் சூடேற்றி ஒட்டும் படம், கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கர் ஆகியவற்றுக்குப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். ஒருமுறை திருப்ப வேண்டியதை இரண்டு முறை திருப்பினாலோ, திருப்பவே மறந்தாலோ, குதிரை வலம் போய்விடும். அப்போது கீழேயுள்ள எழுத்தும் இடவலம் மாறித் தெரியும், உடனே அகப்பட்டுவிடும். ஆனால் பலர் எழுத்தை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்கிறார்கள். சிங்கங்கள் இருபுறமும் ஒத்திருப்பதால் மேலே இருக்கும் பிழை யார் கண்ணிலும் படுவதில்லை. சரிபார்க்க ஒரே வழி பலகையைப் பார்ப்பது. குதிரை இடம், காளை வலம்.

எழுத்தைத் தட்டச்சு செய்வதே தனி ஆபத்து. தமிழ் எழுத்துரு மட்டும் வைத்திருக்கும் கணினியில் தேவநாகரி கட்டம் கட்டமாக வரும். பழைய வகை எழுத்துருவில் செய்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் ‘சத்ய’ என்பதன் கூட்டெழுத்து பிரிந்து நிற்கும், ‘ஜயதே’யின் மேல்மாத்திரை (எழுத்தின் தலைமேல் வரும் ஏகாரக் குறி) உதிர்ந்து ‘ஜயத’ என்றாகும். ஆகவே வரியையும் படத்தையும் ஒரே உருவரைக் (வெக்டர்) கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும், எழுத்தாக வைத்திருக்கக் கூடாது. பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் மூலையைப் பிடித்து இழுக்க வேண்டும், பக்கவாட்டைப் பிடித்து இழுத்தால் சிங்கங்கள் கொழுத்துவிடும். கீழே தாமரை இதழைச் சேர்த்து ‘முழுமையாக்குவதும்’ தவறு. ஓரங்களில் உள்ள சக்கர விளிம்புகளைத் தேவையற்ற கோடு என்று அழிப்பதும் தவறு.

2022-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் 6.5 மீட்டர் உயரமும் 9,500 கிலோ எடையும் கொண்ட வெண்கலச் சிங்கங்கள் நிறுவப்பட்டபோது, முகபாவம் சீற்றமாக இருக்கிறது என்று எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணமும் அளவும் மாறியதே காரணம் என்றது ஒரு தரப்பு. சட்டம் மீறப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே தள்ளுபடி செய்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிய இதழ்களே வரி இல்லாத சின்னத்தை அச்சிட்டதுதான் வேடிக்கை.

அடுத்து நம் மாநில இலச்சினை. 1949-இல் சென்னை மாகாணத்துக்காக ஓவியர் ஆர். கிருஷ்ண ராவ் வரைந்தது. நடுவில் சிங்கத் தலைப்பு, இருபுறமும் தேசியக் கொடி, பின்னால் கோபுரம். கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுடையது என்று பாடநூல்கள் சொல்லும், மதுரையின் மேலைக் கோபுரமே என்று வாதிடுவோரும் உண்டு. ‘சத்யமேவ ஜயதே’ இருந்த இடத்தில் பின்னர் ‘வாய்மையே வெல்லும்’ வந்தது. உண்மை, வாய்மை, மெய்மை என்ற மூன்றில் சொல்லில் வெளிப்படும் நேர்மையான வாய்மையைத் தேர்ந்தது அரசு ஆவணத்துக்குப் பொருத்தமான தேர்வு. தவறு எங்கே நடக்கிறது என்றால், கோபுரத்தை நீக்கிவிட்டுச் சிங்கங்களுக்குக் கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்று போடுகிறார்கள். அது மத்திய அரசின் சின்னமும் இல்லை, மாநில இலச்சினையும் இல்லை. கேரளத்தின் யானைகளும் சங்கும், கர்நாடகத்தின் இருதலைப்புள்ளும்கூடச் சிங்கத் தலைப்போடு சேர்ந்தவையே. ஒரு மாநிலம் சின்னத்தையோ அதன் பகுதியையோ தன் இலச்சினையில் சேர்க்க வேண்டுமானால் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்கின்றன 2007 விதிகள். மாநிலத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால் மாவட்டச் சங்கம் ஒன்றுக்கு என்ன உரிமை இருக்க முடியும்?

யாருக்கு உரிமை உண்டு என்பதைவிட யாருக்கு இல்லை என்பதில்தான் இங்கே குழப்பம் அதிகம். விதிகள் பெயர் சொல்லியே விலக்குகின்றன. முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.பி., முன்னாள் எம்.எல்.ஏ., முன்னாள் நீதிபதி, ஓய்வுபெற்ற அதிகாரி ஆகியோர் பயன்படுத்தக் கூடாது. அனுமதி பெறாத ஆணையம், பொதுத்துறை நிறுவனம், வங்கி, நகராட்சி, ஊராட்சி அமைப்பு, தன்னார்வ நிறுவனம், பல்கலைக்கழகம் எதுவும் கூடாது. உரிமை உள்ளவர்கூடத் தன் லெட்டர்பேடில் சின்னத்தோடு வழக்கறிஞர், பத்திரிகை ஆசிரியர், பட்டயக் கணக்காளர் என்று தொழிலைச் சேர்த்துப் போட முடியாது. வாகனங்களிலும் குடியரசுத் தலைவர், ஆளுநர் போன்ற பட்டியலில் உள்ள பதவிகளுக்கு மட்டுமே அனுமதி. ‘மனித உரிமை’, ‘ஊழல் ஒழிப்பு’ என்ற சொற்களுக்கு மேல் சிங்கங்களைப் போட்டு, கழுத்தில் மாட்டும் அட்டை விற்கும் அமைப்புகளை இந்த விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2005 சட்டத்தின் மூன்றாம் பிரிவு அச்சு அசலான சின்னத்தை மட்டும் தடுக்கவில்லை; அரசுத் தொடர்பு இருப்பதாக எண்ண வைக்கும் எந்தச் சாயலையும் தடுக்கிறது. ‘நாங்கள் ஒரு சிங்கத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறோம்’ என்ற வாதம் அதனால் நிற்காது.

தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் குறைந்தது ஆறு மாதச் சிறை. வணிக ஆதாயத்துக்காகச் செய்தால் முதல் முறையிலேயே குறைந்தது ஆறு மாதம். இவ்வளவு இருந்தும் வழக்குகள் ஏன் குறைவு? எட்டாம் பிரிவுப்படி, மத்திய அரசோ அது அதிகாரமளித்த அதிகாரியோ முன்னனுமதி தந்தால்தான் வழக்குத் தொடர முடியும். காவல் நிலையத்தில் புகாரைக் கொடுத்துவிட்டு எதுவும் நடக்கவில்லை என்று குறைபடுகிறவர்கள் இந்தப் படியை அறிவதில்லை. சின்னத்தைக் காட்டி அரசு ஊழியர் என்று யாராவது ஏமாற்றியிருந்தால், புகாரில் அதைத் தெளிவாக எழுத வேண்டும். ஆள்மாறாட்டத்துக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 204, 205 பிரிவுகள் தனியே இருக்கின்றன. புகாரோடு சின்னம் தெரியும்படியான படம், அதை எங்கே, எந்த நாளில் பார்த்தது என்ற விவரம், அந்த அமைப்பின் பதிவு எண் கிடைத்தால் அதுவும் இணைக்க வேண்டும். ‘சின்னத்தை அவமதித்தார்கள்’ என்று எழுதினால் புகார் வலுவிழக்கும். ‘அரசு ஆவணம் என்று எண்ணவைக்கும்படி பயன்படுத்தினார்கள்’ என்பதே சட்டத்தின் சொல்.

பத்திரிகைகள் அச்சப்பட வேண்டியதில்லை. சின்னத்தின் தோற்றத்தையும் பொருளையும் விளக்குவதற்காகப் பாடநூலிலும் பருவ இதழிலும் கட்டுரையின் பகுதியாகப் படம் போட விதிகள் இடம் தருகின்றன. முதல் பக்கத்திலோ அட்டையிலோ அரசு வெளியீடு என்று தோன்றும்படி போடக்கூடாது, அவ்வளவே. உங்கள் மாணவர் பக்கம் உள்பக்கம்தான், அதனால் படம் போட்டதில் குற்றமில்லை, போட்ட படத்தில்தான் பிழை.

திருத்தம் வெளியிடுவதானால் இந்த வாசகம் உதவலாம்: ‘இந்திய அரசின் சின்னம், சாரநாத்தில் கிடைத்த அசோகரின் சிங்கத் தலைப்பைத் தழுவியது. நான்கு சிங்கங்களில் மூன்று தெரியும். பலகையின் நடுவில் 24 ஆரச் சக்கரம், இடப்பக்கம் குதிரை, வலப்பக்கம் காளை, ஓரங்களில் சக்கர விளிம்புகள். கீழே தேவநாகரியில் சத்யமேவ ஜயதே. 1950 ஜனவரி 26 அன்று ஏற்கப்பட்டது.’ கூடவே சட்ட அட்டவணையின் முதல் வரைபடத்தைப் போடுங்கள். உங்கள் தாளுக்கு அதுதான் தாங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்